புள்ளி வைத்த ஆறு நாள்

எங்கள் மில்லுக்கு அட்டை மெஷின் வந்தது அறுபத்து நாலாம் வருஷம். பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். திண்டுக்கல் சீமையிலேயே இப்படி ஒரு சாமான் வேறு எங்கும் கிடையாது என்று மேனேஜர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். உண்மையோ பொய்யோ, மறுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

ஆயிரத்து இருநூறு பேர் வந்து போகிற நூல் மில். யார் எந்த நாள் வந்தார்கள், யார் வரவில்லை என்று டைம் ஆபீஸில் நாங்கள் நோட்டில் குறிப்போம். அந்த நோட்டைப் பார்த்து மெஷின் ரூமில் ஆளுக்கு ஓர் அட்டையில் ஓட்டை போடுவார்கள். மெஷின் அந்த அட்டைகளை விழுங்கி, கடகடவென்று கத்தி, இன்னார் இத்தனை நாள் வந்தார் என்று நீளக் காகிதத்தில் அடித்துத் துப்பும். துப்பினால் துப்பியதுதான். தலையெழுத்துக்காவது ஏதோ பரிகாரம் இருக்கிறது என்கிறார்கள்.

மெஷின் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. பஞ்சு பட்டால் அட்டைகள் சிக்கிக்கொள்ளும், ஆகவே உடம்பில் பஞ்சோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. நூல் மில்லில் பஞ்சு படாதவன் யார்? தினமும் பத்து மணிக்கு ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். நோட்டை உள்ளே தள்ள வேண்டும். நாலு மணிக்கு அதே ஜன்னல் வழியாக நோட்டு வெளியே வரும். எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார்கூட மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து நாலு வார்த்தை பேசுவார். இந்த ஜன்னல் பேசாது.

டைம் ஆபீஸுக்குப் பெரியவர் சடையாண்டி. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மில்லில் பாதிப் பேருக்குத் தகப்பன் பேரும் குலசாமி பேரும் மனப்பாடமாகச் சொல்லுவார். மெஷின் ரூமுக்கு சூப்பர்வைசர் முகமது பாரூக். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர்தான், மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயசுகூட இருக்காது. நான் பவுல்ராஜ், சடையாண்டிக்குக் கீழே குமாஸ்தா. இரண்டு ரூமுக்கும் நடுவே நாற்பதடி வராந்தா. அந்த நாற்பதடியை அவர்கள் இருவரும் இரண்டு வருஷமாகத் தாண்டவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷின் வந்த முதல் மாதமே சடையாண்டியின் நோட்டில் பதினேழு தப்பு என்று பாரூக் ஒரு பட்டியல் போட்டு மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். நேரே வந்து சொல்லியிருக்கலாம். மெட்ராஸில் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த மாதம் பாரூக்கிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் நோட்டில் கோடு, பெருக்கல் குறி, வட்டம், கீழே புள்ளி வைத்த கோடு என்று பல குறிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பொருளையும் தெரிவிக்கவும்.’ சடையாண்டி அதைப் படித்துவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏலே பவுலு, எழுதுடா. வழக்கப்படி. அம்புட்டுத்தான்.”

“அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாதே ஐயா.”

“தெரியாட்டி வந்து கேக்கட்டும். காலு இருக்குல்ல?”

‘வழக்கப்படி’ என்று ஒரே வரி டைப் அடித்து அனுப்பினேன். அடிக்கும்போது நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோடு என்றால் வந்தாள், பெருக்கல் என்றால் வரவில்லை, வட்டம் என்றால் பாதி நாள். இவையெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியவை. புள்ளிதான் சிக்கல். அது எங்கள் மில்லுக்கு மட்டுமே உரிய சங்கதி.

நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் எல்லாரும் பெண்கள். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு. பெரிய வியாழனுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவப் பெண்கள், கோயிலுக்குப் போக வேண்டும். மாசித் திருவிழாவுக்கும் சிவராத்திரிக்கும் மற்றவர்கள் போக வேண்டும். லீவு கேட்டால் கிடைக்காது. அதனால் காலை ஷிப்ட்காரியும் மதிய ஷிப்ட்காரியும் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். உன் சாமிக்கு நான் நிற்கிறேன், என் சாமிக்கு நீ நில். நிற்கிறவள் அன்றைக்குத் தன் ஷிப்டையும் ஜோடியின் ஷிப்டையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் நிற்பாள். வராதவளுக்கு வந்ததாகவே கோடு போட்டு, அடையாளத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார் சடையாண்டி. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் நிற்பது சட்டப்படி குற்றம். இன்ஸ்பெக்டர் கண்ணில் படக்கூடாது என்பதால்தான் எழுத்தில் இல்லாமல் புள்ளியில் இருந்தது. மேஸ்திரிக்குத் தெரியும், பெண்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் ‘வழக்கப்படி’யை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பம்பாய்க் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, புள்ளி வைத்தால் வரவில்லை என்று முடிவு செய்து ஓட்டை போட்டார்கள்.

ரீலிங்கில் கூலி சுற்றிய சிட்டத்துக்குத்தான், நாளுக்கு இல்லை; அதனால் நிரந்தர வேலைக்காரர்களுக்கு வருஷத்தில் ஆறு நாள் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு வருஷம் இது வெளியே தெரியாமலே ஓடியது. அறுபத்தாறில் சங்கத்தோடு மில் ஓர் ஒப்பந்தம் போட்டது. தற்காலிக ஆட்களில் அந்த வருஷம் இருநூற்று நாற்பது நாள் வந்தவர்கள் நிரந்தரம். ஒரு நாள் குறைந்தாலும் தை மாதம் கணக்கு முடித்து வெளியே. நாட்களை எண்ணுவது மெஷின்.

அறுபத்தேழு ஜனவரியில் பட்டியல் வந்தது. ரீலிங் முத்துப்பேச்சிக்கு இருநூற்று முப்பத்து நாலு.

முத்துப்பேச்சி சேவுகம்பட்டிக்காரி. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு கொழுந்தன் வீட்டில் சோற்றுக்கு வெங்காயக் காட்டில் உழைத்துக்கொண்டிருந்தவள். அவன் கை நீட்டுகிற ஆள். ஒருநாள் இரண்டு பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டாள். கொழுந்தன் மூன்று தடவை வந்து வாசலில் நின்று கத்தினான். ‘தை மாசம் நான் பெர்மனென்ட் ஆயிருவேன், அதுக்குப் பெறகு இந்தப் பக்கம் காலெடுத்து வச்சுறாத’ என்று அவனிடம் சொல்லியிருந்தாள். ஆகாவிட்டால் அந்தக் கொழுந்தன் வீட்டைத் தவிர அவள் போவதற்கு வேறு இடமில்லை. இது மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

பட்டியல் வந்த சேதி காதில் விழுந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

“அண்ணே, இருநூத்தி முப்பத்தி நாலுன்னு போட்டுருக்காகளாமே. நான் வெரலு விட்டு எண்ணி வச்சிருக்கேன். சரியா இருநூத்தி நாப்பது. கரண்ட் கட்டுன்னு மில்லு நின்ன நாளெல்லாம் கழிச்சுத்தான் சொல்றேன்.”

நோட்டைப் புரட்டினேன். பொங்கலுக்கு இரண்டு, சிவராத்திரிக்கு இரண்டு, கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சட்டி எடுத்த இரண்டு. ஆறு புள்ளி. அந்த ஆறு நாளும் அவளுக்காக நின்றவள் அவள் ஜோடி, நிரந்தர வேலைக்காரி வியாகுலம்மாள். அதற்குப் பதிலாக வியாகுலம்மாளுக்காக இவள் ஆறு நாள் பதினாறு மணி நேரம் நின்றிருக்கிறாள். உடம்பை வைத்து எண்ணினாலும் இருநூற்று நாற்பது சரியாகத்தான் இருந்தது.

“மெஷின் தப்பு இல்ல முத்துப்பேச்சி. ரெண்டு ஆபீஸுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அதான். அவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை உக்காந்து பேசிட்டா உன் காரியம் முடிஞ்சிரும். நான் பேச வைக்கிறேன்.”

பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சடையாண்டியிடம் போனேன். “பாயி வந்து கேட்டா சொல்றேன்” என்றார். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். பாரூக் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“பவுல்ராஜ், நீங்க வாயால சொல்றத வச்சு நான் அட்டையில ஓட்டை போட முடியாது. எழுத்துல கேட்டேன். ‘வழக்கப்படி’ன்னு பதில் வந்துச்சு. அந்த லெட்டர இன்னும் வச்சிருக்கேன், பாக்குறீங்களா?”

“வேண்டாம் சார். அடிச்சவன் நான்தான்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு வருஷமா இந்த மில்லுல இருக்கேன். ரீலிங் எப்படி இருக்கும்னே தெரியாது எனக்கு. உள்ள போயிட்டு வந்தா சட்டையில பஞ்சு ஒட்டும், அப்புறம் என்னையே இந்தக் கதவுக்குள்ள விடக்கூடாது” என்றார்.

நல்ல மனுஷன்தான். சடையாண்டியும் நல்ல மனுஷன்தான். இரண்டு நல்ல மனுஷர்களைச் சேர்த்து வைப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். டைம் ஆபீஸும் மெஷின் ரூமும் சேர்ந்து உட்கார்ந்து குறிகளைப் பற்றிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று மேனேஜருக்கு ஒரு மனுவும் எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று அவரும் உத்தரவு போட்டுவிட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் காரியத்தை முடித்துவிடலாம் என்று வியாழக்கிழமை மத்தியானம் இருவரையும் கேன்டீனில் ஒரு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அவரிடம் இவர் கூப்பிடுகிறார் என்றும், இவரிடம் அவர் கூப்பிடுகிறார் என்றும் பொய் சொல்லித்தான். முதலில் இருவரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சடையாண்டி, “தம்பி பேகம்பூர்ல யாரு வீடு?” என்று கேட்டார். பாரூக் சொன்னார். பாரூக்கின் வாப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தபோது சடையாண்டியின் அண்ணன் அங்கே வேலை பார்த்திருக்கிறார். அண்ணனுக்குக் காலரா வந்து கிடந்தபோது வாப்பாதான் குதிரை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். “அட, அவுக மகனா நீங்க!” என்று சடையாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்துப் பகை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முத்துப்பேச்சி பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

புள்ளியின் கதையை சடையாண்டியே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பாரூக் முழுவதும் கேட்டுவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“இது எழுத்துல வந்தா உங்களுக்கு என்ன ஆகும்?”

“இருபத்தெட்டு வருசமா பொய் நோட்டு எழுதியிருக்கேன்னு ஆகும். எனக்கு இன்னும் நாலு மாசந்தான் சர்வீசு. ஒண்ணுமில்லாம வெளிய போகணும். கேசுகூட வரும்.”

“எழுத்துல வராம நான் திருத்துனா, யாரைக் கேட்டுத் திருத்துனேன்னு என்னைக் கேப்பாங்க. அது மட்டுமில்ல, ரெண்டு வருஷத்து அட்டை பூராவும் தப்புன்னு ஆயிரும். பம்பாய்லேருந்து ஆள் வருவான். என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க.”

“ஆமா தம்பி. ஒங்க பொழப்பும் போயிரும்.”

“உங்க பேரும் கெட்டுரும்.”

இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதற்குமேல் முத்துப்பேச்சியின் பேர் அந்த மேஜையில் வரவில்லை. நான் ஒரு தடவை எடுத்தேன். “நாளைக்குப் பாத்துக்கலாம் அப்பு” என்று சடையாண்டி என் தோளைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேனேஜர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நேராகக் கேட்டார். “இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?”

சடையாண்டி தொண்டையைச் செருமினார். “வரலைன்னு அர்த்தங்க.”

“பின்னே கோடு எதுக்கு?”

“மொதல்ல வருவாகன்னு நெனச்சுக் கோடு போட்டுருவோம். வரலைன்னா கீழ புள்ளி வச்சுருவோம். பழைய வழக்கங்க.”

மேனேஜர் பாரூக்கைப் பார்த்தார். “நாங்களும் அப்படித்தான் சார் எடுத்துக்கிட்டிருக்கோம். டைம் ஆபீஸ் சொல்றதும் எங்க அட்டையும் சரியாப் பொருந்துது” என்றார் பாரூக். சொல்லும்போது மேஜையைத்தான் பார்த்தார்.

“அப்போ தகராறே இல்லையே. பவுல்ராஜ், நீதானே மனு போட்டது? நீ என்ன சொல்றே?”

எனக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், மில் குடியிருப்பில் ஒரு வீடு. இதை நியாயம் காட்டச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் என் மனசில் ஓடியது அதுதான். முத்துப்பேச்சிக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு என்பது அப்போது ஓடவில்லை. “ஆமா சார், வரலைன்னுதான் அர்த்தம்” என்றேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் கிணற்றில் புறப்பட்ட பூதம் நான்தான்.

மேனேஜருக்குச் சந்தோஷம். இரண்டு டிபார்ட்மென்டும் முதன்முதலாக ஒரே குரலில் பேசுகிறது என்றார். புள்ளிக்கு அர்த்தம் வரவில்லை என்பதைக் காகிதத்தில் அடித்து எங்கள் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். இனிமேல் இரண்டு ஆபீஸுக்கும் நடுவே தொடர்புக்கு ஒரு குமாஸ்தா வேண்டும், பவுல்ராஜே இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து கண்ணாடிக் கதவு எனக்குத் திறந்தது. உள்ளே நுழையும்போது சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொள்ள வாசலில் ஒரு பிரஷும் எனக்காகத் தொங்கவிட்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறார்கள். ஊர் ஒன்றுபட்டால் யாருக்குத் திண்டாட்டம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கேட்டில் பட்டியலை வாசிக்க வேண்டும். ரீலிங் பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் டைம் ஆபீஸ் குமாஸ்தா உரக்கப் படிப்பதுதான் முறை. நிரந்தரமானவர்கள் பதினோரு பேர். கணக்கு முடிக்கப்பட்டவர்கள் நாலு பேர். மூன்றாவது பேர் முத்துப்பேச்சி; வாய்க்குள்ளேயே வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் கலைந்ததும் வியாகுலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். “என்ன தம்பி அநியாயம் இது? அந்த ஆறு நாளும் நாந்தானே நின்னேன்? வாங்க, மேனேஜருகிட்ட நானே சொல்றேன். மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்றேன்.”

“சொன்னா ரெண்டு ஷிப்ட் நின்னதுக்கு உங்களையும் வெளியே அனுப்பிருவாங்கக்கா.”

“அனுப்பட்டுமே!”

முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இரு யக்கா. ஒன் வீட்டு மாமா ஆஸ்பத்திரியில கெடக்காக. நீயும் வெளிய வந்து ரெண்டு பேரும் என்னத்தச் செய்யப் போறோம்? போ, சங்கு ஊதிருச்சு.” வியாகுலம்மாள் போகவில்லை. முத்துப்பேச்சி அவளைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டாள். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். இவள் என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

“நேத்து ராத்திரி சங்கத்துக்காரகளப் போயிப் பாத்தேண்ணே. மெஷினு தப்பா அடிச்சுருச்சுன்னு இருந்தா கேசு போடலாம், டைம் ஆபீஸ் நோட்டு நம்ம பக்கம் நிக்கும்னாக. நேத்து மத்தியானம் வரைக்கும் போட்டுருக்கலாமாம். இப்ப ரெண்டு ஆபீசும் சேந்து கையெழுத்துப் போட்டுருச்சாமே?”

“ஆமா.”

“ஒங்க கையெழுத்துமா?”

நான் கையிலிருந்த பட்டியலை மடித்தேன்.

“அவுக பேசாமலே இருந்துருக்கலாம்ணே” என்றாள். “பேசாம இருந்த வரைக்கும் மெஷினு தப்புன்னு நான் சண்டை போட்டுருப்பேன். இப்ப நான் வேலைக்கே வரலைன்னுல்ல எல்லாருஞ் சேந்து சொல்லிப்புட்டீக.”

கேட்டில் காட்டி உள்ளே வருகிற டோக்கனை என் கையில் கொடுத்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்தரை மணிக்கு வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அங்கே இறங்கிச் சேவுகம்பட்டிக்கு நடந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து மணிக்கு நான் நோட்டை எடுத்துக்கொண்டு, சட்டையை உதறிவிட்டு, மெஷின் ரூமுக்குள் போனேன்.